‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

“அண்ணா, லென் தருகிற எண்ணிலிருந்து எப்போதும் 2 கழித்துவிட்டால் சரியாகிவிடுமா?” என்பதே அந்த மாணவி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. முன்னும் பின்னும் வேறு விளக்கம் இல்லை. லென் என்பது, பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சொல்லின் நீளத்தை எண்ணிச் சொல்லும் கட்டளை. அவர் தமிழ் இலக்கியம் படிக்கும் முதலாண்டு மாணவி என்பதும், வகுப்பு முடிந்த பிறகு கல்லூரிக் கணினிக்கூடத்தில் தாமாகவே பைத்தான் கற்று வருகிறார் என்பதும், நிரல் எழுதத் தொடங்கி மூன்று வாரமே ஆகிறது என்பதும் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தவை.

நாங்கள் நான்கு பேர், சனிக்கிழமை மாலைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, புதிதாக நிரல் எழுதுபவர்களின் ஐயங்களுக்கு இணையவழியாக விடை சொல்லி வருகிறோம். நான்கு பேருக்கும் பத்தாண்டுகளுக்கு மேல் அனுபவம் உண்டு. ஒருவர் சி மொழிக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர், ஒருவர் பிஎச்பியில் இணையதளங்கள் கட்டுபவர், மூன்றாமவர் தரவுப் பகுப்பாய்வில் இருக்கும் பெண், நான்காவது நான். நூற்றுக்கணக்கான கேள்விகளைப் பார்த்திருக்கிறோம். இருந்தும் இந்த ஒரு கேள்வியை நாங்கள் கையாண்ட விதம் இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை. எங்கே உதவினோம், எங்கே உதவுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே நின்றோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒரு எண்ணிலிருந்து 2 கழிக்கலாமா என்று கேட்பவருக்கு உண்மையில் வேறொரு கேள்வி இருக்கிறது. தம் சிக்கலைத் தாமே பாதி தீர்த்துக்கொண்டு, அந்தப் பாதித் தீர்வில் எங்கோ இடறி, இடறிய இடத்தை மட்டும் காட்டிக் கேட்கிறார். புதியவர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. அது அவர்களுடைய தவறும் அன்று. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரிந்துவிட்டால் அவர்கள் புதியவர்களே அல்லர். ஆகவே நான் மூன்று விவரம் கேட்டேன்: எந்தச் சொல்லைக் கொடுத்தீர்கள், என்ன விடை வரும் என்று நினைத்தீர்கள், என்ன விடை வந்தது? கூடவே, திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாமல், நிரலை எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டும்படியும் கேட்டுக்கொண்டேன். தமிழைப் பொறுத்தவரை இது வெறும் வசதிக்காகக் கேட்பதன்று. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சொற்கள் கணினிக்குள் வெவ்வேறாக இருக்கக்கூடும்; படத்தில் அந்த வேறுபாடு தெரியாது.

விடை வந்தது. ‘தமிழ்’ என்று கொடுத்தார், 3 வரும் என்று நினைத்தார், 5 வந்தது. ‘அம்மா’ என்று கொடுத்தார். அதற்கும் 3 வர வேண்டிய இடத்தில் 5 வந்தது. இரண்டிலும் சரியாக 2 கூடுதல். அதனால்தான் கழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு சோதனைகளைப் பார்த்து ஒரு விதி கண்டிருக்கிறார் என்பதை எங்களில் எவரும் அப்போது கவனித்துப் பாராட்டவில்லை. அறிவியலில் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அடுத்த சோதனையைத் தேடிப் போவதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் நாங்கள் செய்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். சி மொழி நண்பர், லென் ஒருபோதும் தவறாக எண்ணாது என்றும், சொல்லுக்குப் பின்னால் இடைவெளியோ வரி முடிவுக் குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும், அவற்றை வெட்டிவிடும் ஸ்ட்ரிப் கட்டளையைப் போட்டால் சரியாகிவிடும் என்றும் எழுதினார். கோப்பிலிருந்து வரிகளைப் படிக்கும் புதியவர்களுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முறை அதுவே காரணமாக இருக்கும் என்பதால் அவர் கை தானாக அந்த விடைக்குப் போனது. ஆனால் இங்கே காரணம் அதுவன்று. மாணவி ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தார், மீண்டும் 5. பிஎச்பி நண்பர் தம் கணினியில் அதே சொல்லைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தமக்கு 15 வருகிறது என்றார். அவ்வளவுதான், உரையாடலின் திசை மாறிவிட்டது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிப்பதால் பிஎச்பியின் பழைய சார்பு பைட்டுகளை எண்ணி 15 என்கிறது, பைத்தானும் ஜாவாவும் 5 என்கின்றன, ஸ்விஃப்ட் மொழி மட்டும் மனிதர் எண்ணுவதுபோல 3 என்கிறது, எது நியாயம் என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. கொகரத்தை, அதாவது ‘கொ’ என்ற எழுத்தை, உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான யூனிகோடு தரத்தில் இரண்டு விதமாக எழுதலாம் என்பதால் முதலில் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் கோவையை, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் நானே இடையில் சேர்த்தேன். சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் முக்கால் மணி நேரம் மாணவியிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி நேர்வது இதுதான். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பேசத் தொடங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதில் முடிக்கிறோம். நான் சொன்ன கொகரச் செய்தி பிறகு அந்த மாணவிக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. ஆனால் அது ஐந்து வாரம் கழித்து. முதல் நாளில் அதைச் சொன்னது, கூட்டல் கற்கும் பிள்ளையிடம் வட்டிக் கணக்கு போட்டுக் காட்டியதற்குச் சமம்.

அமைதியை உடைத்தவர் தரவுப் பகுப்பாய்வு நண்பர். “எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், ஒரு ஃபார் லூப் எழுதி, அந்தச் சொல்லில் உள்ளவற்றை வரிக்கு ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள், நீங்கள் பார்ப்பதை எங்களுக்கும் சொல்லுங்கள்” என்றார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதே லூப். இரண்டே வரி நிரல். சற்று நேரத்தில் மாணவி ஐந்து வரிகளை ஒட்டினார். முதல் வரியில் த. இரண்டாம் வரியில் ம. மூன்றாம் வரியில், புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டமும் அதன் தோளில் இகரக் குறியும். நான்காம் வரியில் ழ. ஐந்தாம் வரியில் மறுபடியும் அந்தப் புள்ளி வட்டம், தலைமேல் ஒரு மெய்ப்புள்ளியுடன்.

“அக்கா, மி இரண்டாக உடைந்து கிடக்கிறது” என்று எழுதினார். எங்கள் நால்வரின் விளக்கங்களையும்விட அந்த ஐந்து வரிகள் அதிகம் சொல்லிவிட்டன. கணினி எதைப் பார்க்கிறதோ அதைக் கற்பவரும் பார்க்கும்படி செய்வது ஒன்றுதான் அடிப்படைக் கேள்விக்குச் செய்யக்கூடிய முதல் உதவி என்று நான் நம்புகிறேன். பிழைக்குக் காரணம் என்ன என்று ஊகித்துச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இலக்கண மாணவி அல்லவா, உடனே ஒரு கொள்கை வகுத்தார். கணினி உயிரையும் மெய்யையும் பிரித்து எண்ணுகிறது என்றார். த் என்பது ஒன்று, அ என்பது ஒன்று, ம் ஒன்று, இ ஒன்று, ழ் ஒன்று, ஆக 5. எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தியது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது என்று பள்ளி முதல் படித்தவருக்கு இதைவிட இயல்பான விளக்கம் இருக்க முடியாது. கொள்கை தவறு; ஆனால் விடை சரியாக வருகிற தவறு. இப்படிப்பட்ட இடத்தில்தான் உதவுபவர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். “இல்லை, அப்படியில்லை” என்று சொல்லி யூனிகோடு அட்டவணையை எடுத்து நீட்ட என் விரல்கள் துடித்தன. தரவு நண்பரோ ஒரே ஒரு சொல்லை மட்டும் அனுப்பினார்: “மரம்.”

மாணவி எண்ணிப் பார்த்தார். அவர் கொள்கைப்படி ம், அ, ர், அ, ம் என்று 5 வர வேண்டும். கணினி 4 என்றது. ‘அம்மா’வையும் திரும்ப எண்ணினார். அ, ம், ம், ஆ என்று 4 வர வேண்டிய இடத்தில் கணினி 5 என்றது. ஒரு சொல்லில் கூடுகிறது, ஒரு சொல்லில் குறைகிறது. அவர் முதலில் கேட்ட 2 கழிக்கும் விதியும் ‘மரம்’ என்ற சொல்லில் உடைந்துவிட்டது என்பதை எவரும் சொல்லாமலே கண்டுகொண்டார். அரை மணி நேரம் கழித்து அவர் எழுதியதை ஏறத்தாழ அப்படியே தருகிறேன்: கணினிக்கு ம என்பது ஒன்று, ம் என்பது இரண்டு, நமக்கு ம் என்பதுதான் முதலில், ம என்பதுதான் சேர்ந்து வந்தது, கணினி நம் இலக்கணத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

முற்றிலும் சரியான விடை. யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றது. ஆனால் அந்த இடம், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்ற தரத்தின் அமைப்பைப் பின்பற்றியே ஒதுக்கப்பட்டது. அகரம் ஏறிய மெய்யே அங்கு அடிப்படை. அகரத்தை நீக்கப் புள்ளி என்ற தனிக் குறி, வேறு உயிர் ஏற்ற அதற்குரிய தனிக் குறி. அதனால் ‘பல’ என்ற சொல்லுக்கு 2 என்று சரியாக வரும் கணக்கு, ‘படகு’ என்றவுடன் 4 என்று ஆகிவிடுகிறது. கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறிகளோடு முடிந்துவிடுகிறது, அந்த 70இலும் ஒவ்வொரு புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக இடம் பிடிக்கின்றன. இந்த வரலாற்றை அன்று மாலை மாணவிக்குச் சொன்னபோது அவர் ஆர்வமாகக் கேட்டார். ஒரு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் அதுவும் சுமையாகவே இருந்திருக்கும்.

இதற்கிடையில் எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வரி நிரலை அனுப்பி வைத்திருந்தார். வெளியிலிருந்து ஒரு நூலகத்தை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, நிறுவி, அதில் ஒரு தேடல் கோவையைக் கொடுத்தால், மனிதர் எண்ணும் எழுத்துகளாகவே பிரித்துக் கொடுத்துவிடும். நான் அலுவலகத்தில் எழுதுவதாக இருந்தால் அதைத்தான் எழுதுவேன். தமிழுக்கென்றே ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகமும் இருக்கிறது, அதையும் பயன்படுத்தலாம். மாணவி அந்த ஒரு வரியை ஒட்டிப் பார்த்தார், 3 வந்தது, நன்றி என்றார். ஆனால் அந்த நன்றியில் கேள்வி முடிந்துவிட்டதே தவிரத் தெளிவு பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதே நிலையில் நானும் இருந்திருக்கிறேன்.

நான் கற்கத் தொடங்கியபோது ஒரு தனியார் கணினிப் பயிற்சி நிலையத்தில் சி மொழி படித்தேன். இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரல், எண்ணைக் கொடுத்தவுடன் செத்து விழுந்தது. பக்கத்தில் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்து, மாறியின் பெயருக்கு முன்னால் ஒரு ஆம்பர்சாண்ட் குறியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நிரல் ஓடியது. அவர் செய்தது உதவிதான். அவருக்கு நான் இன்றும் நன்றி உடையவன். ஆனால் அந்தக் குறி நினைவகத்தில் மாறி இருக்கும் முகவரியைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரிய ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அதுவரை நிரல் ஓடாத இடங்களிலெல்லாம் அந்தக் குறியைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன், மருந்தின் பெயர் தெரியாமல் மாத்திரையின் நிறத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவரைப் போல. அந்த ஓராண்டைத் தவிர்த்திருக்கலாம். அவர் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருந்தாலே போதும்.

ஆகவே மாணவியிடம், அந்த ஒரு வரி நிரலை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதே வேலையை உங்கள் கையால் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். எதற்காக எழுத்துகளை எண்ணுகிறீர்கள் என்பதையும் அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விடை எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. மாலைமாற்று, அதாவது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுள், அதைச் சோதிக்கும் நிரல் ஒன்றை அவர் எழுத விரும்பினார். திருஞானசம்பந்தர் சீகாழியின்மீது பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை வகுப்பில் படித்திருக்கிறார். பைத்தான் பாடத்தில் ‘மேடம்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்டுச் சோதிக்கும் பயிற்சியைப் பார்த்தவுடன், இதைத் தமிழில் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ‘விகடகவி’ என்று கொடுத்தார். நிரல் ‘இல்லை’ என்றது. திருப்பிப் போட்டதை அச்சிட்டுப் பார்த்தால், எழுத்தில்லாத ஓர் இகரக் குறி முன்னால் நிற்க, அதன் பின்னே ‘வகடகிவ’ என்று வந்து நின்றது. வி என்பதன் இகரம் முன்னால் போய்விட்டது, இன்னொரு வியின் இகரம் ககரத்தின் மேல் ஏறிக்கொண்டது. அதைச் சரிசெய்யத்தான் எழுத்துகளை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையும் தவறாக வந்ததால் எங்களிடம் வந்திருக்கிறார்.

கையால் செய்யும் முறையை அவரே சொன்னார். உயிர்க்குறிகள் மொத்தம் 11, மெய்ப்புள்ளி 1, ஆக 12 குறிகள். சொல்லை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வருவது இந்தப் பன்னிரண்டில் ஒன்றாக இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால், எழுத்துகளை வரிசையாக வைத்திருக்கும் லிஸ்ட்டில் புதிய எழுத்தாகச் சேர்க்க வேண்டும். சி மொழி நண்பர், பன்னிரண்டு குறிகளைக் கையால் அடுக்குவதைவிட யூனிகோடு வகைப்பாட்டைக் கேட்டுப் பெறுவதே முறை என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்த அட்டவணையில் இகரக் குறி இடம்கொள்ளும் குறியாகவும் ஈகாரக் குறி இடம்கொள்ளாத குறியாகவும் வெவ்வேறு வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வகையை மட்டும் கேட்டால் ‘மி’ உடையும், ‘மீ’ பிழைக்கும். அந்தக் குழப்பம் இப்போது எதற்கு? பன்னிரண்டு குறிகளின் பட்டியல் அவருக்குப் புரிகிறது, அவரே எழுதியது, சரியாகவும் வேலை செய்யும்.

பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் லிஸ்ட்டுக்கு ‘எழுத்துகள்’ என்றும், பட்டியலுக்கு ‘குறிகள்’ என்றும் பெயர் வைத்திருந்தார். வேலைக்குப் போகும் இடத்தில் இப்படி எழுத முடியாது என்று எங்களில் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நிரலையே அப்போதுதான் கற்பவர் கூடவே வேற்றுமொழிச் சொல்லின் பொருளையும் சுமக்காமல், இந்த வரி என்ன செய்கிறது என்பதில் மட்டும் மனத்தை வைக்க முடிகிறது. அதை நான் குறையாக எண்ணவில்லை.

அடுத்த சனிக்கிழமை நிரல் வந்தது. ‘தமிழ்’ 3, ‘அம்மா’ 3, ‘மரம்’ 3. ‘விகடகவி’ ஆம். ‘தேருவருதே’ ஆம். நான் நிரலைப் படித்துப் பார்த்து, அருமை என்று எழுதினேன். தரவு நண்பர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “‘இல்லை’ என்று வர வேண்டிய சொல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தீர்களா?”

மாணவி ‘மாமி’ என்று கொடுத்தார். நிரல் ‘ஆம்’ என்றது.

மா, மி என்ற இரண்டும் வெவ்வேறு எழுத்துகள், திருப்பினால் மிமா. அது எப்படி மாலைமாற்று ஆகும்? காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது, நாங்களும் சொல்லவில்லை. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்ட்டை அச்சிட்டுப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அச்சிட்டபோது லிஸ்ட்டில் இரண்டு மகரங்கள் மட்டுமே இருந்தன. துணைக்காலும் இகரக் குறியும் எங்கோ உதிர்ந்துபோயிருந்தன. லிஸ்ட்டின் கடைசி எழுத்தோடு குறியைக் கூட்டும் வரியை அவர் எழுதியிருந்தார், ஆனால் கூட்டி வந்ததை மீண்டும் லிஸ்ட்டில் வைக்கவில்லை. பைத்தானில் ஸ்ட்ரிங்கோடு ஒன்றைக் கூட்டினால் பழைய ஸ்ட்ரிங் மாறாது. புதிய ஸ்ட்ரிங் ஒன்று பிறக்கும். அதை எதிலும் பிடித்து வைக்காவிட்டால் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. குறிகள் புதிய எழுத்தாகச் சேராததால் எண்ணிக்கை சரியாகவே வந்தது. வி இரண்டு முனையிலும் வகரமாகச் சுருங்கியதால் ‘விகடகவி’யும் சரியாகவே வந்தது. சரியான சொற்களை மட்டும் கொடுத்துச் சோதித்தவரை நிரலில் குறையே தெரியவில்லை.

நான் அந்த வரியைப் படித்திருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். படித்தேன், ஆனால் கூட்டியதை மீண்டும் லிஸ்ட்டில் வைக்கச் சொல்லும், அங்கே இல்லாத ஒரு சமக்குறியை என் கண் தானாகவே போட்டுப் படித்துவிட்டது. பல்லாயிரம் முறை எழுதிய வரி என்பதால் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எழுதியிருக்க வேண்டியதைப் படித்தேன். புதியவருடைய நிரலைப் படிப்பது அனுபவசாலியின் நிரலைப் படிப்பதைவிடக் கடினம் என்று அதன் பிறகு எப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வரியையும் கணினி படிப்பதுபோலவே, எதையும் ஊகிக்காமல் படிக்க வேண்டும். இப்போதெல்லாம் நிரல் வந்தால் நான் அதை என் கணினியில் ஓட்டிப் பார்க்காமல் விடை எழுதுவதில்லை.

சமக்குறி சேர்ந்தது, ‘மாமி’ இல்லை என்று வந்தது. அதன் பிறகு சம்பந்தரின் பதிகத்தில் முதற்பாட்டை இடைவெளிகளை நீக்கிவிட்டுக் கொடுத்தார். பழைய முறையில் லென் அதற்கு 56 என்று சொல்லியிருந்தது. அந்தப் பாட்டில் உள்ள எழுத்து ஒவ்வொன்றும் நெடில் ஏறிய உயிர்மெய். ஒவ்வொன்றும் கணினிக்கு இரண்டு. வெறுமனே திருப்பிப் போட்டால் குறிகள் அனைத்தும் ஓரிடம் தள்ளிப்போய் உட்கார்ந்து, ‘மாநீயா’ என்று வர வேண்டிய இடத்தில் ‘மீநாயா’ என்று வந்துகொண்டிருந்தது. புதிய நிரல் 28 எழுத்து என்றது; மாலைமாற்று என்றும் சொன்னது. அந்த ஒற்றை ‘ஆம்’ வந்த நேரத்தில் நாங்கள் நால்வரும் இணைப்பில் இருந்தோம். மாணவி எதுவும் எழுதாமல் அந்த வரியை மட்டும் ஒட்டினார்.

ஐந்தாவது வாரம், வேறொரு கோப்பிலிருந்து எடுத்த செய்யுளில் கொகரம் இருந்த இடம் ஒன்றில் மட்டும் நிரல் ‘இல்லை’ என்றபோது, முதல் நாள் நான் அவசரப்பட்டுச் சொன்ன செய்தி தேவைப்பட்டது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட அந்தக் கோப்பில் ஒரு கொகரம் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும், மற்றொன்று சேர்ந்த ஒரே குறியாகவும் இருந்தன. பார்க்க ஒன்று, ஒப்பிட்டால் வேறு. எண்ணிக்கையில் சிக்கல் இல்லை, ஏனென்றால் இரண்டு வடிவத்தின் குறிகளும் அவருடைய பன்னிரண்டில் அடக்கம், ஒப்பிடும்போதுதான் சிக்கல். ஸ்ட்ரிங்கை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சார்பைக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். இந்த முறை அந்தக் கேள்வி அவரிடமிருந்தே வந்திருந்தது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. க்ஷ என்பது எத்தனை எழுத்து? அவருடைய நிரல் க், ஷ என்று இரண்டாக எண்ணுகிறது. பள்ளி அட்டவணைகளிலோ அது கிரந்த வரிசையில் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. ஸ்ரீ என்பதற்கும் இதே நிலை. எங்களைக் கேட்டார். சி மொழி நண்பர் ஒன்று என்றார், பிஎச்பி நண்பர் இரண்டு என்றார், தரவு நண்பர் எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். இங்கே நாங்கள் எவரும் அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் அல்லர் என்பதை நான் வெளிப்படையாகவே எழுதினேன். நிரலின் கேள்வி முடிந்து, எழுத்து என்றால் என்ன என்ற கேள்வி தொடங்கிவிட்டிருந்தது. அது அவருடைய படிப்பு. இரண்டு நாள் கழித்து நிரலின் இறுதி வடிவத்தை அனுப்பினார். குறிகளின் பட்டியலுக்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிச் செல்லும் குறிப்பு வரி ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: “க்ஷ, ஸ்ரீ இரண்டும் இங்கே இரண்டிரண்டு எழுத்துகளாகவே எண்ணப்படும், சொல்லிப் பார்த்தால் முதலில் ஒரு மெய் தனியாகக் கேட்கிறது.”